பெல்த்ரான் பிரபு கேட்ட ஒரு கிண்ணம்

கடல் பல தாண்டி, சூரியன் போய் விழுகிற திசையில் ஸ்பெயின் என்று ஒரு தேசம் இருக்கிறது, கேளுங்கள். கோட்டைக்கு ஒரு பிரபு இருந்து, அவர் சொன்னதே சட்டமாக இருந்த காலத்தில், அங்கே கல்லும் முள்ளுமான ஒரு மலைச்சரிவில் ஒரு குடும்பம் திராட்சை வளர்த்து மது செய்து வந்தது.

நம் பக்கத்தில் திராட்சைக்குப் பந்தல் போடுவோம். அந்த மலையின் கொடிகளோ பந்தலும் கேட்காது, தண்ணீரும் கேட்காது. முறுக்கிப் பிழிந்த துணி போல அடிமரம் கறுத்து, முழங்கால் உயரத்துக்குக் குட்டையாக நிற்கும். யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. எங்கிருந்தோ கொண்டுவந்த இனம் அல்ல. அந்த மண்ணிலேயே பிறந்தது. வீட்டார் அதற்கு மொரேனா என்று பேர் வைத்திருந்தார்கள். அவர்கள் பாஷையில் கறுத்தவள் என்று அர்த்தம்.

மொரேனா கொஞ்சமாகத்தான் காய்ப்பாள். ஆனால் அவள் பழத்திலிருந்து இறங்கும் மது இருக்கிறதே! பார்த்தால் மாதுளை முத்தின் சிவப்பு. வாயில் வைத்தால் முதலில் துவர்க்கும், அப்புறம் இனிக்கும், விழுங்கின பிறகும் மழையில் நனைந்த கல்லின் வாசம் தொண்டையிலேயே நிற்கும்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் சஞ்சா. புருஷன் பேர் நூன்யோ.

சஞ்சா வந்த முதல் வருஷம், திராட்சை பறிக்கிற நாளில் ஒரு மழை பிடித்துக்கொண்டது. வேட்டைக்கு வந்திருந்த இளம் பிரபு பெல்த்ரானும் அவர் மனைவி எல்விராவும் நனைந்து நடுங்கிக்கொண்டு அந்த வீட்டாரின் மது ஆலைக்குள் ஓடி வந்தார்கள். உள்ளே எல்லாரும் கல்தொட்டியில் இறங்கி, தோளைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி பழம் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்விரா ஒரு கணம் பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். தானும் தொட்டியில் இறங்கிவிட்டாள்!

"அம்மணி, வழுக்கும்!" என்று சஞ்சா கத்தினாள்.

"வழுக்கட்டும், உன்னைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றாள் எல்விரா.

மிதித்து முடித்ததும் போன வருஷத்து மது வந்தது. மண் கிண்ணம் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது. பிரபுவும் மனைவியும் அந்த ஒரே கிண்ணத்தில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். சஞ்சா குனிந்து எல்விராவின் காலைக் கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் ஊதாக் கறை போகவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துப் பிரபு சிரித்தார்.

புறப்படும்போது அவர் சொன்னார்: "இந்த மலை இனி உங்களுக்கே. வருஷா வருஷம் உங்கள் மது என் கோட்டைக்கு வரட்டும், ஒரு வண்டி நிறைய."

அது ஒரு நல்ல காலம். ஆனால் நல்ல காலம் நின்று கொடுக்குமா? எல்லையில் சண்டை மூண்டது. பிரபு படையோடு போனவர் போனவர்தான், வருஷங்கள் ஓடின. அவர் திரும்பும் முன்பே எல்விரா காய்ச்சலில் கண்ணை மூடினாள். மலைவீட்டிலும் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆலை நூன்யோவின் கைக்கு வந்தது.

நூன்யோ கெட்டவன் அல்ல. ஆனால் வெட்கப்படுகிறவன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வண்டியில் பாதிகூட நிறையவில்லை.

"இந்த வருஷம் இவ்வளவுதான் என்று சொல்லிவிடுவோமே" என்றாள் சஞ்சா.

"கோட்டை வாசலில் போய் நின்று குறைச்சல் என்று சொல்வதா? என் வாயில் வராது" என்றான் நூன்யோ. சமவெளியிலிருந்து நீர்த்த மது வாங்கி வந்து கலந்தான். வண்டி நிறைந்தது.

அடுத்த வருஷம் ஆலங்கட்டி மழை. பூவெல்லாம் உதிர்ந்தது. சஞ்சா மறுபடியும் சொன்னாள். நூன்யோ மறுபடியும் கலந்தான். இந்த முறை நிறம் வெளுத்துப் போனதால், புதரில் காய்க்கும் கறுப்புப் பழங்களைப் பிழிந்து ஊற்றினான். வண்டி நிறைந்தது.

அதற்கடுத்த வருஷம் மழையும் நன்றாகத்தான் பெய்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. "இந்தக் கிழட்டுக் கொடிகளை நம்பினால் என்றைக்கும் பயம்தான்" என்று சொல்லி, கீழ்ச்சரிவில் இருந்த மொரேனாக்களை வேரோடு பிடுங்கினான். சீக்கிரம் காய்க்கிற வெளியூர்க் கொடியை நட்டான். பிடுங்கிய அடிமரங்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுப்பில் எரிந்தன. சஞ்சா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்த விறகில்தான் அவளும் சமைத்தாள்.

கோட்டையில் விருந்தாளிகள் குடித்தார்கள், ஆகா என்றார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் பெல்த்ரான் பிரபு திரும்பி வந்தார். தலை நரைத்து, ஒரு தோள் சாய்ந்து, ஆளே மாறிப்போய் வந்தார். வந்ததும் அவர் தங்கம் கேட்கவில்லை, நாட்டியம் கேட்கவில்லை. "மலைவீட்டாரை வரச் சொல்லுங்கள். அவர்கள் கையாலேயே ஒரு கிண்ணம் மது கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார்.

நூன்யோவும் சஞ்சாவும் ஜாடியோடு போனார்கள். கூடத்தில் காரியஸ்தர் இருந்தார், வைத்தியர் இருந்தார். சஞ்சா ஊற்றினாள்.

பிரபு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். காத்திருந்தார். இன்னொரு வாய் குடித்தார். கண்ணைத் திறந்தார்.

"இது இல்லையே" என்றார்.

காரியஸ்தர் அவசரமாகச் சொன்னார்: "அதே மலை, அதே வீடு, பிரபு. வேறென்ன மாறும்? உங்களுக்குப் பயணக் களைப்பு."

வைத்தியர் சொன்னார்: "வயது ஏறினால் நாக்கு மரத்துப்போவது இயற்கை. கண் மங்குவது போலத்தான்."

பிரபு நூன்யோவைப் பார்த்தார். நூன்யோ தரையைப் பார்த்தான். "மது மாறவில்லை, பிரபு" என்றான்.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியும் சேதி ஒன்றுதான். பிரபு மெல்லத் தலையாட்டினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் நாக்கும் போய்விட்டது" என்றார். "படைப் பாளையத்தில் படுத்துக்கொண்டு அவள் முகத்தை நினைத்துப் பார்ப்பேன். வருஷத்துக்கு வருஷம் கலைந்துகொண்டே வந்தது. ஊருக்குப் போனால் இந்த மது இருக்கிறது, ஒரு வாய் குடித்தால் அந்த மழைநாள் திரும்பிவிடும், அவள் சிரிப்பு கேட்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சரி. அதுவும் இனி இல்லை."

எல்விராவின் கை தன் தோளைப் பிடித்த பிடி சஞ்சாவுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அந்த நாளை நினைத்திருப்பவர்கள் இந்தப் பூமியில் எத்தனை பேர் மிச்சம்? எதிரே ஒருவர், தன் நினைவையே செத்ததென்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவள் ஓர் அடி முன்னே வந்தாள். நூன்யோ அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நிற்கவில்லை.

"பிரபு, உங்கள் நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் மதுதான் பொய்."

சஞ்சா எல்லாவற்றையும் சொன்னாள். பொய்த்த மழையைச் சொன்னாள், கலந்த மதுவைச் சொன்னாள், கறுப்புப் பழச் சாற்றைச் சொன்னாள். பிடுங்கின கொடியை எரித்துச் சோறு பொங்கியதையும் மறைக்கவில்லை.

காரியஸ்தர் குதித்தார். "மாவில் மணல் கலந்த மாவு ஆலைக்காரனை இந்தப் பள்ளத்தாக்கை விட்டே விரட்டினோம். இவர்களையும் விரட்ட வேண்டும்! மலையைப் பிடுங்க வேண்டும்!"

பிரபு கையை உயர்த்தினார். சஞ்சாவிடம் கேட்டார்: "நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஏன் சொன்னாய்?"

"நீங்கள் அவர்கள் சொன்னதை நம்பிவிட்டீர்களே, பிரபு. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை."

பிரபுவின் கண் கலங்கியது. ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

"மொரேனா ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா?" என்றார்.

"மேலே, பாறை இடுக்கில் கொஞ்சம் இருக்கிறது. வண்டி ஏறாத இடம். அதனால் தப்பியது. ஒரு ஜாடிக்கு மேல் தேறாது."

"ஒரு ஜாடி என்றால் ஒரு ஜாடி" என்றார் பிரபு. பிறகு நூன்யோவின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தண்டனை உண்டு. இனி வருஷா வருஷம் விளைந்ததை நீயே தோளில் சுமந்துகொண்டு நடந்து வர வேண்டும். இந்தக் கூடத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இந்த வருஷம் இவ்வளவுதான் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்."

நூன்யோவும் சஞ்சாவும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மலையடிக்கு வந்ததும் அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேலே ஏறினான். அவள் பின்னாலேயே போனாள். பாறை இடுக்கில் முள்ளும் களையும் மண்டி, நடுவே அந்தக் கறுத்த அடிமரங்கள் நின்றன. நூன்யோ மண்டியிட்டுக் களை பிடுங்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"அந்தக் கூடத்தில் உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் இந்த மூன்று வருஷத்தில் இன்றைக்குத்தான் மூச்சு நேராக வருகிறது."

சஞ்சா அவன் பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்கினாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பறித்தார்கள், மிதித்தார்கள். தொட்டியில் இறங்க இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் பழைய பாட்டைப் பாடினார்கள். குளிர்காலம் கழிந்து மது தெளிந்ததும் நூன்யோ ஒரே ஒரு ஜாடியைத் தோளில் சுமந்து கோட்டைக்குப் போனான். கூடம் நிறைய ஆட்கள். அவன் காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இந்த வருஷம் இவ்வளவுதான், பிரபு."

யாரும் சிரிக்கவில்லை. பிரபு குடித்தார். பிறகு மெதுவாகப் பேசத் தொடங்கினார். எல்விராவுக்குப் பாடவே வராது என்றும், வராது என்று தெரிந்தும் விடாமல் பாடுவாள் என்றும் சொன்னார். குதிரைக்குப் பயந்தவள், அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்றார். அவளைக் கண்ணால் பார்த்திராத சின்னஞ்சிறுசுகள்கூட விளக்கேற்றும் நேரம் வரை நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேல்சரிவில் வெட்டிய குச்சிகளை நூன்யோவும் சஞ்சாவும் கீழே நட்டார்கள். அந்த இனம் அவசரப்படாது. அவர்கள் காலத்தில் பாதிச் சரிவுதான் நிறைந்தது. நிறைந்த வருஷமும் உண்டு, வறண்ட வருஷமும் உண்டு. எந்த வருஷமும் நூன்யோ கூடத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்ததில்லை.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் மனதில் முடிந்துகொண்டு போக வேண்டியது இதுதான்: நம்மிடம் இருப்பது கொஞ்சம் என்றால் கொஞ்சம் என்றே சொல்லிக் கொடுக்க வேண்டும்; அந்தக் குறையை மறைப்பதற்காக இன்னொருவர் தம்மையே சந்தேகிக்கும்படி செய்வதைவிடப் பெரிய திருட்டு கிடையாது.