கப்பலுக்குப் புதுப் பெயர்

கிழட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஓர் எலிக் கூட்டம் குடியிருந்தது. கப்பலின் பெயர் சமுத்திர ராணி. கூட்டத்தின் தலைவன் தொந்தியன்.

அந்தக் கப்பலை எப்போதோ உடைத்திருக்க வேண்டும். துரு அதன் விலாவைத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் எங்கோ இரண்டு நாடுகள் சண்டை போட்டன. நடுவில் இருந்த கால்வாய் அடைபட்டது. கப்பல்கள் கண்டத்தையே சுற்றிக்கொண்டு போயின; பயணம் நீண்டதால் கப்பல்கள் போதவில்லை. ஓடுகிற கப்பல் எது கிடைத்தாலும் போதும் என்று வணிகர்கள் அலைந்தார்கள். சரக்குக் கட்டணம் ஏறியது. கிழட்டுக் கப்பலுக்கும் மவுசு வந்தது.

இந்தச் செய்திகளைக் கொண்டுவருவது ஆலா என்ற கடற்பறவை.

"சண்டை முற்றிவிட்டது!" என்றது ஆலா ஒருநாள்.

"நல்லது! இன்னும் முற்றட்டும்!" என்றான் தொந்தியன். அன்று அரிசி மூட்டைகளுக்கு நடுவே விருந்து நடந்தது. "நான் இருக்கும்வரை இந்தக் கப்பல் காயலான் கடைக்குப் போகாது!" என்று முழங்கினான். எலிகள் ஆரவாரித்தன. கப்பல் ஓடுவது தன் சாமர்த்தியத்தால்தான் என்று அவனே நம்பத் தொடங்கினான்.

பிறகு சண்டை நின்றது.

"கால்வாய் திறந்தாயிற்று," என்றது ஆலா. "கட்டணம் ஏறியபோது ஆளாளுக்குக் கட்டச் சொல்லி வைத்த புதுக் கப்பல்களும் இப்போது வந்து குவிகின்றன. கட்டணம் சரிந்துவிட்டது. பழைய கப்பல்களெல்லாம் கப்பல் உடைக்கும் கரைக்கு வரிசை கட்டுகின்றன."

"வரிசை கட்டினால் பழைய இரும்பு விலை விழுமே?"

"விழுந்துவிட்டது."

"அப்புறம் என்ன? அடிமாட்டு விலைக்கு எவன் விற்பான்?"

"சும்மா நிற்கிற கப்பலுக்கும் தினம் செலவு உண்டே! நாளைக்கு இன்னும் விழும் என்று பயந்தவன் இன்றே விற்பான்."

"போ, போ! மீன் நாற்றம் தாங்கவில்லை!" என்று விரட்டினான் தொந்தியன்.

அடுத்த துறைமுகத்தில் சரக்கு இறங்கியது. புதிதாக எதுவும் ஏறவில்லை. மாலுமிகளில் பாதிப் பேர் பெட்டியோடு போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் கயிற்றில் தொங்கியபடி கப்பலின் பெயருக்குப் பெயின்ட் அடித்தான். 'சமுத்திர' மறைந்தது. 'ராணி' மட்டும் மிஞ்சியது.

"பார்த்தீர்களா? புதுப் பெயர்!" என்று குதித்தான் தொந்தியன். "சாகப்போகிற கிழவிக்கு எவனாவது பெயர் சூட்டுவானா?"

அவன் தங்கை சாம்பி சிரிக்கவில்லை. அவள் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள்.

"அண்ணா, துருவுக்குப் பெயின்ட் இல்லை. பெயருக்கு மட்டும்தான். அதிலும் சமுத்திரத்தை அல்லவா அழித்திருக்கிறார்கள்! இனிக் கடல் எதற்கு என்றுதானே? எல்லோரும் இறங்கிவிடலாம்."

"பிள்ளை பெற்றதும் புத்தி பேதலித்துவிட்டதா? போகிறவள் போ! மற்றவர்கள் யாரும் அசையக் கூடாது!"

கரைக்குப் போகும் குப்பை மூட்டைக்குள் சாம்பி தன் குட்டிகளோடு புகுந்துகொண்டாள். எலிகள் கேலி செய்தன. தொந்தியன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

காலிக் கப்பல் புறப்பட்டது. கடல் பொங்கிய ஒரு காலையில் அது முழு வேகத்தில் ஓடி, கப்பல் உடைக்கும் சேற்றுக் கரையில் செருகி நின்றது. பிறகு தண்ணீர் வடிந்தது. ஆட்கள் நெருப்புக் குழாய்களோடு வந்தார்கள். இரும்பு சிவந்து அறுந்து விழுந்தது. எலிகள் சேற்றில் குதித்தன. கீழே நாய்கள், மேலே காக்கைகள்.

தொந்தியன் பின்பக்கக் குழாய் ஒன்றில் ஒடுங்கிக் கிடந்தான். அவனோடு யாரும் மிஞ்சவில்லை. ஆலா பறந்து வந்து உட்கார்ந்தது.

"கட்டணம்... ஏதாவது ஏறியதா?" என்று கேட்டான்.

"ஏறியது. மறுபடியும் சண்டை. மறுபடியும் கால்வாய் அடைப்பு."

தொந்தியனின் கண்கள் மின்னின. "அப்படியென்றால் நம் கப்பல் ஓடும்!"

"எதை வைத்து?" என்றது ஆலா. "முன்பாதியை நேற்றே லாரியில் ஏற்றிவிட்டார்கள்."

ஊரார் நெருக்கடியால் கிடைத்த ஆயுளைத் தன் திறமையால் வந்தது என்று நம்புகிறவன், நெருக்கடி தீரும் நாளில் தானும் அழிந்து, தன்னை நம்பியவர்களையும் அழிப்பான்.