பாறைத்துறைக்கு வராத காட்டெருமை

ஒரு காட்டின் நடுவே அகன்ற ஆறு ஓடியது. மருந்து தெரிந்த கரடி அக்கரையில் இருந்தது. அதற்குத் தண்ணீர் என்றால் பயம்; ஆற்றில் இறங்காது. ஆகவே நோய்ப்பட்ட சிறு பிராணிகளைக் காட்டெருமை ஒன்று தினமும் காலையில் முதுகில் ஏற்றி அக்கரையில் விட்டுவரும். அது புறப்படும் இடம் மருதமரத் துறை. யார் ஏறுவது, எங்கே நிற்பது என்பதையெல்லாம் நரி பார்த்துக்கொண்டது.

மருதமரத்தைச் சுற்றி முயல்களும் அணில்களும் குடியிருந்தன. முள்ளெலிகளோ ஆற்றின் கீழ்ப்பக்கம், பாறைச்சரிவில் இருந்தன. நடுவில் கூரான கற்களும் கள்ளியும். குட்டைக் கால்களுக்கு அது அரைநாள் நடை.

ஒருநாள் மூக்காயி என்ற முள்ளெலி அவ்வளவு தூரமும் நடந்து நரியிடம் வந்தாள்.

“நரியண்ணே, எருமையை எங்க பாறைத்துறையிலயும் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க!”

நரி சிரித்தது. “நானும் மூணு மாசமா பாக்குறேன். உங்க பக்கத்துல இருந்து ஒருத்தராவது இங்க ஏற வந்ததுண்டா? தேவை இருந்தா வந்திருப்பீங்களே!”

“வர முடியலைன்னுதானே கேக்க வந்திருக்கேன்!”

“வராதவங்களுக்காக எருமையை அலையவிட முடியுமா? போ, போ!”

மூக்காயி பாதங்கள் கீறிக் கிழிய வீடு திரும்பினாள்.

மழைக்காலம் வந்தது. சரிவில் ஒரு கல் உருண்டு, அவள் கணவன் சடையனின் பின்னங்காலை நசுக்கியது. இரண்டாம் நாள் கால் வீங்கிப்போய் உடம்பு கொதித்தது.

“எந்திரிங்க, கரடிகிட்ட போயிடலாம்!”

“அவ்வளவு தூரம் என்னால ஆகாது, புள்ள.”

“நான் இழுத்துட்டுப் போறேன்!”

தேக்கிலை ஒன்றில் அவனைப் படுக்கவைத்து, காம்பைக் கவ்வி இழுத்தாள். அவனுடைய முட்களே இலையைக் கிழித்தன. ஒன்று கிழிந்தால் இன்னொன்று தேடினாள். உச்சிவெயிலில் மருதமரத்தை அடைந்தபோது துறையில் எருமை இல்லை.

“அது காலையிலேயே போயிடுச்சே! இனி நாளைக்குத்தான்” என்றது ஒரு முயல்.

“கரடி எங்க இருக்கு?” என்று சடையன் கேட்டான். மூக்காயி அக்கரையைக் காட்டினாள்.

“கிட்டத்தான் தெரியுது” என்றான். மாலையில் எருமை திரும்பியபோது அவனுக்கு மூச்சு இல்லை.

எருமை திகைத்து நின்றது. “எங்கேருந்தும்மா வந்தீங்க?”

“பாறைச்சரிவுல இருந்து.”

“அங்க யாருக்கும் நான் தேவையில்லைன்னு நரி சொல்லிச்சே!”

நரி முன்னால் வந்தது. “இப்பதான் ரெண்டு பேர் வந்துட்டாங்களே! இனிமே யோசிக்கலாம்!”

எருமை அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை யாரையும் கேட்காமல், மூக்காயியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு நீந்திப் பாறைத்துறைக்கு வந்தது. ஒரு வாய்ப் புல்லை மென்று விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை.

காய்ச்சல் கண்ட குட்டிகளும் கண் மங்கிய கிழங்களும் பொந்துகளிலிருந்து வெளியே வந்தன. “இத்தனை பேரா!” என்று எருமை கால்களை மடக்கிக் கரையில் படுத்தது. மூக்காயி ஒவ்வொருவராக அதன் முதுகில் ஏற்றிவிட்டாள்.

“நீயும் வா தாயி! பாதமெல்லாம் புண்ணா இருக்கே!”

“இது ஆறிடும். நீங்க கிளம்புங்க” என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வழியில்லாமல் வராதவர்களைத் தேவையில்லாமல் வராதவர்கள் என்று தள்ளிவிடுவது, அவர்களைச் சாகவிடுவதற்குச் சமம்.