சீமைச்சாமந்தி விதையின் கட்டுச்சோறு

விதைகளுக்கு வாய் இருந்த காலத்தில் நடந்தது இது. இருந்த வாயை அவை சும்மாவும் வைத்திருக்கவில்லை. அவரை விதை வளவளவென்று பேசும். கடுகு எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வரும். சீமைச்சாமந்தி விதைக்கு மட்டும் ஓயாமல் கேள்விதான். மழை ஏன் சாய்ந்து பெய்கிறது, கோழி ஏன் தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைத் துளைத்து எடுத்துவிடும்.

அப்போது அது இப்போது மாதிரி தூசியாக இல்லை. அவரை விதை அளவுக்குக் கொழுகொழுவென்று இருந்தது. காரணம், ஒவ்வொரு விதைக்கும் அதன் தாய்ச்செடி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பும். மண்ணுக்குள் போன விதை இருட்டில் வழி தேடி மேலே வர ஐந்தாறு நாள் ஆகுமே, அதுவரை பசி தாங்க வேண்டாமா? சீமைச்சாமந்திச் செடி தன் பூவில் இருக்கிற தூக்கத்தையும் அந்தச் சோற்றில் கொஞ்சம் பிசைந்து வைக்கும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பெற்றவளுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்.

ஒரு மலைச்சரிவில் காத்தாயி என்பவள் வீட்டுக்குப் பின்னால் மருந்துச் செடிகள் வளர்த்தாள். துளசி, ஓமவல்லி, புதினா, கூடவே நாலு சீமைச்சாமந்தி. அவள் மகள் செல்லிக்கு நாலு வயது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், அந்தப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொடுப்பாள். செல்லி தூங்கிவிடுவாள்.

அந்த வருஷம் ஈவு இரக்கம் இல்லாமல் பனி கொட்டியது. செடியெல்லாம் கருகிப் போயிற்று. சொல்லிவைத்த மாதிரி அதே வாரம் செல்லிக்கு வயிற்றுவலி வந்தது. ஐந்து நாளாகப் பிள்ளை கண் மூடவில்லை. குடித்த கஞ்சி எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள்.

காத்தாயியிடம் மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி விதைதான். அதை மடியில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள்.

"சீக்கிரம் முளைச்சு ஒரு பூவாச்சும் கொடுங்க சாமி," என்றாள் விதைகளைப் பார்த்து.

"பூக்க ரெண்டு மாசம் ஆகுமே," என்றது ஒரு விதை. "பிள்ளை அதுவரைக்கும் தாங்குமா?"

 காத்தாயி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விதையால் சும்மா இருக்க முடியுமா? மறுபடி கேட்டது. "எங்க கட்டுச்சோத்துலயும் தூக்கம் இருக்கு. அதைக் கொடுத்தா பிழைச்சுக்குவாளா?"

"பிழைச்சுக்குவா. ஆனா நீங்க எதைத் தின்னுட்டு மேல வருவீங்க? பாதி வழியிலேயே செத்துப் போவீங்களே."

"மண்ணுக்குள்ள போகாமலே இருந்தா?"

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்படி எந்த விதையும் இருந்ததில்லை. எனக்குத் தெரியலை."

"அப்போ இருந்துதான் பார்ப்போமே," என்றது விதை.

அத்தனை விதைகளும் மூட்டையை அவிழ்த்தன. காத்தாயி அதைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊட்டினாள். செல்லி மடக் மடக்கென்று குடித்தாள், குடித்த கஞ்சி வயிற்றில் தங்கியது, பிள்ளை அப்படியே தூங்கிப் போனாள். விதைகளோ மூச்சுவிட்டால் பறக்கிற தூசியாகச் சிறுத்துவிட்டன.

"எங்களை மண்ணுக்கு மேலேயே தூவிடு," என்று மெல்லிய குரலில் சொன்னது விதை. "உள்ளங்கையால லேசா அழுத்தினா போதும். தண்ணியை ஊத்தாதே, விரலை நனைச்சுத் தெளி. வெயில் எங்களுக்கு ஏதாச்சும் கொடுக்குதான்னு பார்க்கிறோம்." அது பேசியதில் மனுஷர் காதில் விழுந்த கடைசிப் பேச்சு அதுதான். காத்தாயி அப்படியே செய்துவிட்டு மகளிடம் போனாள்.

சாயங்காலம் அவள் புருஷன் சடையன் காட்டிலிருந்து வந்தான். கேழ்வரகு விதைக்கிற ஆள். எதை விதைத்தாலும் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு மிதி மிதித்தால்தான் அவனுக்கு மனசு ஆறும். விதைகள் சோற்றைக் கொடுத்ததை மட்டும் பெண்டாட்டி சொல்லக் கேட்டு, தூங்குகிற மகளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு விதைகளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனான். மலைக்காற்று ஊசியாய்க் குத்தியது.

"என் பிள்ளைக்குச் சோத்தைக் கொடுத்துட்டு இதுங்க வெறும் உடம்போட கிடக்குதே," என்றான். அவனுக்குத் தாங்கவில்லை. நல்ல பொடிமண்ணாகப் பார்த்து அள்ளி, பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல் அவற்றின்மேல் தூவினான். வேண்டாம் வேண்டாம் என்று விதைகள் கத்தின. குரல் தேய்ந்து போயிருந்ததால் அவன் காதில் விழவில்லை. பாதிப் பாத்தியை மூடியிருப்பான், அதற்குள் செல்லி விழித்துவிட்டாள் என்று காத்தாயி கூப்பிட்டாள். கையைத் தட்டிவிட்டு ஓடினான்.

பத்தாம் நாள் செல்லி அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்து வந்தாள். திறந்து கிடந்த பாதியில் பச்சை பச்சையாக முளை விட்டிருந்தது. மூடிய பாதி வெறுமனே கிடந்தது.

"இந்தப் பக்கம் இருந்தவங்க எல்லாம் எங்கப்பா?"

சடையன் குத்தவைத்து நகத்தால் மண்ணைக் கிளறினான். ஒன்றுமே இல்லை.

"குளிருமேன்னு நான்தான்டி போர்த்திவிட்டேன்," என்றான். மகள் முன்னால் அழக்கூடாது என்றுதான் பார்த்தான், முடியவில்லை.

முளைத்த பாதி வளர்ந்து, பூத்து, கட்டுச்சோறு இல்லாத தூசி விதைகளையே விட்டது. அவனே அந்த விதைகளை விதைத்தான். மூடத் துடித்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி நின்ற நாளிலிருந்துதான், சீமைச்சாமந்தி விதைக்கிறவர்கள் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதன்மேல் ஒரு சிட்டிகை மண்கூடப் போடுவதில்லை.