‘போய்’ என்று நிற்கும் பாட்டு

பங்கஜவல்லி அம்மாளின் பாட்டைக் கேட்டு அழாத வீடு அந்தத் துறைமுக ஊரில் கிடையாது. பழைய போரில் கப்பலேறிய வீரர்களுக்குப் பாட ஆரம்பித்தவர், எண்பதைத் தாண்டியும் விடவில்லை. கடைசியில் தொண்டைதான் அவரை விட்டுவிட்டது.

இப்போது மறுபடியும் போர். விடிந்தால் கப்பல் கிளம்புகிறது. போகிற பையன்களும் பெற்றவர்களும் கொட்டகை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பாட வேண்டியவள் சிஷ்யை கோமளா. அவளுக்கும் தலை நரைத்தாயிற்று, ஆனாலும் மேடைக்குப் பின்னால், அம்மாளின் பக்கத்தில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள்.

பயமெல்லாம் ஒரே பாட்டின் மேல். அம்மாள் அதன் கடைசி அடியை, “போய்...” என்று நிறுத்திவிடுவார். கப்பலேறப் போகிற வீரர்கள் “வருகிறேன்” என்று பாடி முடிப்பார்கள்.

“அம்மா, இந்தப் பிள்ளைங்களுக்கு அந்த வழக்கமே தெரியாது. ‘போய்’னு அப்படியே நின்னுட்டா அபசகுனமாயிடும். ‘வருகிறேன்’னு நானே பாடிடட்டுமா?”

“கூடாது.”

“ஒரு சொல்லுதானேம்மா?”

“கப்பல்ல போறவன் சொல்ற சொல்லு. கரையில நிக்கிறவ நான் எப்படிச் சொல்றது? அதான் நிறுத்தினேன். அவங்க பாடினாங்க.”

அம்மாள் ஒரு மிடறு வெந்நீர் குடித்தார்.

“போர் முடிஞ்சு முதல் கச்சேரி. எதிரே இருந்ததெல்லாம் திரும்பி வராத பிள்ளைங்களைப் பெத்தவங்க. நான் பழக்கதோஷத்துல ‘போய்’னு நிறுத்திட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல.”

கோமளா அவர் பக்கம் திரும்பினாள்.

“என்னம்மா பண்ணீங்க?”

“நின்னேன். ஆர்மோனியக்காரர் நீயே முடிச்சிடுன்னு கண்ணைக் காட்டறார். அப்ப கடைசி வரிசையில ஒருத்தி எழுந்தா. மகனைப் பறிகொடுத்தவ. ‘போயிட்டு வா, சாமி’ன்னா.”

வெளியே கோமளாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

“அன்னைக்கு அந்தம்மா இருந்தாங்க. இன்னைக்கு யாருமே பதில் சொல்லலேன்னா?”

அம்மாள் அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்தார்.

“பிள்ளையை அனுப்பிட்டுக் கரையில நின்னவங்களுக்கு மட்டும் பதில் வரும்னு தெரியுமாடி? நின்னாங்கல்ல, நீயும் நில்லு.”