பூவாயி பொறுக்கிய இறகுகள்

நாணல் மண்டிய குளமொன்றில் பூவாயி என்ற தாரா வாத்தும் அவள் கணவன் மாடப்பனும் வாழ்ந்து வந்தார்கள். ஒருநாள் விடிந்தபோது மாடப்பனைக் காணவில்லை. கரைச் சேற்றில் அவன் இறகுகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

"நரி தூக்கிட்டுப் போயிருக்கும். இனி அழுது என்ன பிரயோசனம்?" என்றன தவளைகள். அவற்றுக்கு எல்லாம் தெரியும், பார்க்காததும் தெரியும்.

பூவாயிக்கு மனசு ஆறவில்லை. ஓர் இறகு விடாமல் பொறுக்கிக் கூட்டில் பரப்பி, அதன்மேல் படுத்துக்கொண்டாள். அதில் அவன் வாசம் இருந்தது. அது போய்விடுமோ என்று பயந்து இரைதேடவும் இறங்காமல், "வந்துடுங்க, வந்துடுங்க" என்று நாள்கணக்கில் புலம்பிக் கிடந்தாள்.

துப்பறிவதில் பேர்போன கீரி வேலப்பன் செய்தி கேட்டு வந்தது. சேற்றில் பூவாயியும் தவளைகளும் மிதித்த தடம்தான் மிச்சம்.

"இங்க கிடந்த இறகெல்லாம் எங்கே, தாயி?"

"என்கிட்ட இருக்கு. அவரோடதுன்னு எனக்கு வேற என்ன இருக்கு?"

"எங்கெங்கே கிடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியும். எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பியா?"

ஒவ்வோர் இறகும் கிடந்த இடம் பூவாயியின் நெஞ்சில் அப்படியே இருந்தது. ஆனால் கூட்டைவிட்டு அவற்றை எடுக்கும்போது, அவனை இன்னொரு முறை பறிகொடுப்பது போல வலித்தது. அழுதுகொண்டே வைத்து முடித்தாள்.

வேலப்பன் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"ஒடிஞ்ச இறகெல்லாம் தண்ணி ஓரமாக் குவிஞ்சிருக்கு. நரி கடிச்சது இங்கேதான். அப்புறம் ஒண்ணொண்ணா நாணல் பக்கம் போகுது. கடைசி இறகு எங்கே எடுத்தே?"

"அந்த நாணல் இடுக்குல."

"அதுக்குள்ள நரி நுழைய முடியாது. அவர் தப்பிச்சுத் தானே நடந்து போயிருக்கார்!"

பூவாயி பாய்ந்து ஓடினாள். நாணலுக்குள்ளே சிறகு ஒடிந்து, கழுத்து வீங்கி, மெலிந்து கிடந்தான் மாடப்பன். உயிர் இருந்தது. காற்றுப்போல ஒரு குரல் வந்தது.

"நீ அழுததெல்லாம் கேட்டுச்சு. கூப்பிடத்தான் எனக்குக் குரல் வரலை. இறகைப் பார்த்துக்கிட்டே நீ வந்துடுவேன்னு காத்திருந்தேன். ஏன் வரலே?"



பிரிந்தவர் விட்டுப்போன சுவடுகளை ஏக்கத்தில் அள்ளி அணைத்துக்கொள்பவர், அவரிடம் போய்ச்சேரும் வழியையே கலைத்துவிடுகிறார்.