கழற்ற முடியாத குல்லா

அந்தக் காலத்தில், மிருகமும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, பழனி மலைக் குரங்குகளுக்குத் தலை மொட்டையாகத்தான் இருந்தது. உடம்பு முழுக்க முடி இருக்கும். புருவத்துக்கு மேலே மட்டும் வெறும் தோல். கோடையில் அது ஒரு குறையாகவே தெரியாது. மார்கழி பிறந்து, விடிகாலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும்போதுதான் தெரியும். குளிர் நேராகத் தலை வழியாக இறங்கி நெஞ்சுக்குப் போய்விடும்.

அந்த மலையில் மல்லாயி என்றொரு பெண் குரங்கு இருந்தாள். கணவன் மூங்கிலான், மாமனார், மாமியார், இரண்டு மகள்கள். புருஷனைக் காட்டுத்தீயில் பறிகொடுத்த நாத்தனார் அழகாத்தாவும் அவள் மகனும் அவர்களோடுதான் இருந்தார்கள். ஐப்பசியில் மல்லாயிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மொட்டு என்று பெயர் வைத்தார்கள். மற்றக் குட்டிகளைப்போலவே அவனும் மையாகக் கறுத்திருந்தான்.

தை மாதத்தில் ஒரு காலை. வெயில் ஏறிய பிறகு மல்லாயி எழுந்து, வழக்கம்போல அடுத்த கிளைக்குத் தாவினாள். குரங்குக் குட்டியை யாரும் தூக்கிப் போவதில்லை. அதுதான் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு தொங்கும். பிறந்த நிமிஷத்திலிருந்தே அதன் கைக்கு அது தெரியும். அன்று மல்லாயி தாவினாள், மொட்டு கீழே விழுந்தான். பாறைமேல் விழுந்த சத்தம் கேட்டும் அவளுக்குப் புரியவில்லை. விழுந்தது வேறு யாரோ என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து எடுத்தபோது அவன் விறைத்திருந்தான். விழுந்ததால் சாகவில்லை. அதற்கு முன்பே, அவள் நெஞ்சோடு ஒட்டியபடியே, குளிரில் போய்விட்டிருந்தான்.

ஆறு நாள் அவனைத் தூக்கிக்கொண்டே திரிந்தாள். ஏழாம் நாள் மூங்கிலான் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய் ஒரு நாவல் மரத்தடியில் சருகு மூடி வைத்துவிட்டு வந்தான். அவள் அழவில்லை. சாப்பிடும் நேரத்தில்கூட ஒவ்வொருவர் தலையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்வை தலைமேல் விழும்போது மாமியார் கையால் தலையை மூடிக்கொண்டாள். இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மகனிடம் சொன்னாள்.

பனி விலகியதும் மல்லாயி அடிவாரத்துப் புல்வெளிக்கு இறங்கினாள். அங்கே குருவாயி என்ற பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். முள்ளம்பன்றி உதிர்த்த முட்கள் நான்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டு மயிரில் திரித்த நூலைச் சுற்றிச் சுற்றி வளைத்து, தன் பிள்ளைகளுக்குக் குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். மல்லாயி மூன்று நாள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்தாள். நாலாம் நாள் மடி நிறைய நெல்லிக்காய் கொண்டுபோய் வைத்து, எனக்கும் இது வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று குருவாயி கேட்டாள். மல்லாயி சொன்னாள். குருவாயி வேறொன்றும் கேட்காமல், நகர்ந்து இடம் விட்டாள்.

கண்ணி போடுவது, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுப்பது, உச்சியில் ஆறு கண்ணியில் தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று பெருக்கிக்கொண்டே கீழே வருவது, எல்லாம் பத்து நாளில் கைக்கு வந்துவிட்டது. குருவாயியிடம் கொடுக்க நூல்தான் இல்லை. இருந்த மயிர் அவள் பிள்ளைகளுக்கே போதவில்லை. முட்களை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

மல்லாயி இலவம்பஞ்சில் ஒரு குல்லா பின்னிப் பார்த்தாள். பனியைக் குடித்து அது தலைமேல் ஈரச் சேறாக உட்கார்ந்தது. வரையாட்டிடம் கேட்டு, அது பாறையில் உரசி உதிர்த்த மயிரைப் பொறுக்கி வந்தாள். கட்டையான மயிர், எவ்வளவு திரித்தாலும் நூலாக நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் மாமனார் மரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போன இடத்தில், பட்டையில் ஒட்டியிருந்த முடியை எடுத்து உருட்டிப் பார்த்தாள். அழகாக முறுக்கேறியது. வீட்டில் இருப்பவர்களின் முடியே நூலாகும் என்று தெரிந்ததும் எல்லோரிடமும் கேட்டு வாங்கினாள். அழகாத்தா தன் வாலிலிருந்தே ஒரு பிடி இழுத்துக் கொடுத்து, எனக்குக் கொஞ்சம் நல்லாவே பண்ணு மதினி என்றாள். அந்த வருஷத்தில் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு மாதிரி பார்க்கும் வேலை. வழவழப்பாகப் பின்னினால் காற்று உள்ளே நுழைந்தது. வரிவரியாகப் பின்னினால் வரிகளுக்கு நடுவே பனிநீர் தங்கியது. பின்னுவாள், பிரிப்பாள், மறுபடி பின்னுவாள். ஒரு மழை நாளில் பலா மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது, காயின் மேல் விழுந்த தண்ணீர் முள்ளுக்கு முள் நழுவி ஓடுவதைப் பார்த்தாள். முள் நுனிகள்தான் நனைந்திருந்தன, முட்களுக்கு அடியில் கையை வைத்தால் கதகதப்பு. அதேபோல் மூன்று கண்ணியைச் சேர்த்து ஒரு புடைப்பு, பிறகு இரண்டு கண்ணி பள்ளம் என்று பின்னினாள். விளிம்பில் ஒரு கண்ணி மேலாக, ஒரு கண்ணி கீழாக மாற்றி மாற்றிப் போட்டாள். அது இழுத்தால் விரியும், விட்டால் கவ்வும். மாமனாரின் பெரிய தலைக்கும் சின்ன மகளின் தலைக்கும் ஒரே குல்லா பொருந்தியது. நூலை இறுகச் சுருட்டினால் புடைப்பு அழுத்தமாக வரும் என்பதைக்கூடக் கண்டுபிடித்தாள்.

கார்த்திகை முடிவதற்குள் எட்டுக் குல்லாக்களும் தயாராகிவிட்டன. மார்கழி முதல் தேதி எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். மாமனார் குளத்துத் தண்ணீரில் குனிந்து தன்னைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அந்த மார்கழியைப்போல ஒரு குளிர் அதற்கு முன் வந்ததில்லை. இருபது நாள் பனி விலகவே இல்லை. ஒருவரும் குல்லாவைக் கழற்றவில்லை. இருபத்தோராம் நாள் காலையில் வெயில் வந்தது. பக்கத்து மரத்துக் கூட்டத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டதாகச் சேதி வந்தது. மல்லாயி தன் வீட்டுத் தலைகளை எண்ணினாள். எட்டும் இருந்தன. இரண்டாவது முறையும் எண்ணினாள்.

வெயில் ஏறியதும் தலை அரிக்கிறது என்று அழகாத்தா குல்லாவின் விளிம்பில் விரலை விட்டாள். விரல் உள்ளே போகவில்லை. இரண்டு கையாலும் நெற்றிக்கு நடுவே பிடித்து இருபுறமும் பலமாக இழுத்தாள். குல்லா நடுவில் கோடுபோலப் பிளந்தது. ஆனால் கழன்று வரவில்லை. கோட்டின் ஓரத்தில் ரத்தம் துளிர்த்து, மூக்கு வழியாக இறங்கி, அவள் கையில் சொட்டியது. அழகாத்தா கையைப் பார்த்தாள்.

எல்லோர் கையும் தத்தம் தலைக்குப் போனது. எல்லோரும் இழுத்தார்கள். எல்லோர் நெற்றியிலும் அதே கோடு விழுந்தது. சின்ன மகள் மட்டும் இழுக்கவில்லை. மற்றவர்கள் முகத்தில் ரத்தத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள். மூங்கிலான் கிளையில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மாமனார்தான் பேசினார்.

“கழற்று” என்றார் மல்லாயியிடம். “முடியலேன்னா இந்த மரத்தைவிட்டு இறங்கிப் போ.”

மல்லாயி சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடினாள். குருவாயி, இதற்கா பயந்தாய், நூல் முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடுமே என்று சொல்லிக்கொண்டே குழந்தையின் தலையில் கை வைத்தாள். சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

“சூடா இருக்குது” என்றாள். “இது பின்னினது இல்ல மல்லாயி. முளைச்சிருக்குது. எந்த நூலைப் போட்ட?”

வீட்டுக்காரர்களின் முடி என்றாள் மல்லாயி. உதிர்ந்த முடி எங்கேயாவது முளைக்குமா, வேறு எதைச் சேர்த்தாய் என்று குருவாயி கேட்டாள். மல்லாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள்.

மரத்தடியில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். மொட்டுவைத் தூக்கித் திரிந்த ஆறு நாளில் அவன் முடி கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையோடு வந்துவிட்டது. கீழே போட மனசு வரவில்லை. ஒரு மரப்பொந்தில் வைத்திருந்தாள். ஒவ்வொரு குல்லாவிலும் உச்சியில் போடும் முதல் கண்ணியில் அவன் முடி ஒன்றைச் சேர்த்து முறுக்கியிருந்தாள்.

அழகாத்தா எழுந்துவிட்டாள்.

“செத்தவன் முடியையா எங்க தலையில வச்ச, மதினி?”

“அவன் என்னைப் பிடிக்காமத்தானே விழுந்தான்” என்றாள் மல்லாயி. “உங்களையாவது பிடிச்சுக்கட்டும்னு வச்சேன்.”

மாமியார் தன் தலையிலிருந்து கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. மல்லாயிக்கும் அது தெரிந்தது. நூல் முனையைக் கண்டுபிடித்துப் பிரித்துவிடுகிறேன், பிறகு போய்விடுகிறேன் என்று சொல்லி, அழகாத்தாவைத் தன் முன்னால் உட்காரச் சொன்னாள்.

நெற்றிக் கோட்டிலிருந்து தொடங்கி, முடியை இரண்டு கையாலும் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். புடைப்புகள் கரைந்து முடியாகிவிட்டிருந்தன. பள்ளங்கள் தோலாகிவிட்டிருந்தன. உச்சிக்கு வந்தபோது, அவள் ஆறு கண்ணி போட்டுத் தொடங்கிய இடத்தில் ஒரு சுழி இருந்தது. சுழியின் நடுவே ஒரே ஒரு முடி, பட்டுப்போல, மையாகக் கறுத்து நின்றது. அதுதான் முனை. மல்லாயி அதை நகத்தால் பிடித்து இழுத்தாள்.

அந்த முடி அவள் விரலைச் சுற்றிக்கொண்டது.

மெல்லத்தான் சுற்றியது. ஆனால் விடாமல் சுற்றியது. இன்னொரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும் என்று அவள் கைக்குத் தெரிந்தது. அவளால் இழுக்கவும் முடியவில்லை, விரலை எடுக்கவும் முடியவில்லை. சுற்றி நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மூங்கிலான் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பார்க்க முடியாதவள் அழகாத்தா மட்டும்தான். தலையில் என்னவோ பிடித்ததை மட்டும் உணர்ந்தாள். அது எந்தப் பிடி என்று, பிள்ளை பெற்றவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“இழுக்காத மதினி” என்றாள் குனிந்தபடியே. “இருந்துட்டுப் போகட்டும்.”

மல்லாயி விரலைத் தளர்த்தினாள். முடியும் தளர்ந்து சுழிக்குள் படுத்துக்கொண்டது. அவள் எழுந்து, இறங்கிப் போவதற்காக நடந்தாள். நாலடி போனபோது வழியை மறித்து மாமனார் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து வைத்திருந்தார். மல்லாயி அவர் பின்னால் உட்கார்ந்து, அவர் முடியை விலக்கத் தொடங்கினாள். அவள் பின்னால் மூங்கிலான் உட்கார்ந்தான். அவன் பின்னால் மாமியார். வெயில் மேற்கே சாயும்வரை அந்த மரத்தடியில் ஒருவர் தலையில் ஒருவர் அந்த ஒற்றை முடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல்தான், அவர்கள் வழியில் வந்த நம் பக்கத்துக் குரங்குகளுக்குத் தலையில் குல்லா கவிழ்த்ததுபோல முடியும், உச்சியில் ஒரு சுழியும், நெற்றியில் நேர் வகிடும் உண்டாயின. அன்று முதல்தான் அவை வேலையெல்லாம் முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்று மற்றொன்றின் முடியை அத்தனை பொறுமையாக விலக்கி விலக்கித் தேடுகின்றன. பேன் பார்க்கின்றன என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போகிறோம்.