செயினுக்கு இரண்டு விரல் இடம்

அந்தக் காலத்தில் வண்டிகளுக்கு வாய் இருந்தது. பேசினால் பரவாயில்லை, புறம் பேசும். எந்த மோட்டார் சைக்கிளின் செயினாவது கொஞ்சம் தொய்ந்து தெரிந்தால் போதும், தெருவில் நிற்கிற மற்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்து, "வேட்டி அவுந்தது தெரியாம போறான் பாரு" என்று கேலி செய்யும். மானத்துக்கு அஞ்சிய மனிதர்கள் செயினை வீணைத் தந்திபோல முறுக்கி வைத்தார்கள். அது மாதத்துக்கு ஒருமுறை அறுந்தது. வேறு வாங்கி மாட்டினார்களே தவிர, ஏன் அறுந்தாய் என்று செயினிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கும் பேசத் தெரியும். எஞ்சின் சத்தத்தில் அந்த மெல்லிய குரல் யார் காதிலும் விழவில்லை, அவ்வளவுதான்.

செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் தம்பிக்கு மலைமேல் உள்ள முருகன் கோயிலில் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி தாலியைக் கொண்டுவருவதும் மூன்றாம் முடிச்சைப் போடுவதும் நாத்தனார் பொறுப்பு. மற்றவர்கள் முந்தின நாளே மலையேறிவிட்டார்கள். ஆசாரி தாலியைக் கல்யாணத்தன்று காலையில்தான் முடித்துக் கொடுத்தார். அதை இடுப்பில் முடிந்துகொண்டு, குத்துவிளக்குக்கு வேண்டிய விளக்கெண்ணெய்க் குடுவையையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

அங்கே அவள் கணவர் தணிகாசலம் பெருமையோடு நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிற வண்டி ஆயிற்றே என்று சோப்புப் போட்டுக் கழுவி, செயினுக்குக்கூடச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, ஸ்பேனரை எடுத்து வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூடுதலாக முறுக்கியிருந்தார்.

"சுண்டிப் பாரு, டங்குன்னு கேக்கும்" என்றார்.

செங்கமலம் வண்டியை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்தார். கொஞ்சம் கனத்த சரீரம். ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே கீழேயிருந்து ஏதோ கீச்சிட்டது. நாலாவது கொண்டை ஊசி வளைவில் கீச்சு அலறலாகிவிட்டது. ஒவ்வொரு குழியிலும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. முகூர்த்தம் முடிய முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

அப்போது அவள் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, செயின் பக்கமாகக் குனிந்தாள்.

"உனக்கு என்ன பண்ணுது?"

"அக்கா" என்றது செயின், அழாத குறையாக. "நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா வண்டி அமுங்குது. பின்சக்கரம் மேலயும் கீழயும் போகுது. அப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் நீளம் வேணும். எல்லாத்தையும் முறுக்கி வச்சுட்டீங்களே, நான் எங்கேருந்து எடுக்கிறது? போதாததுக்கு இந்தச் சந்தனம் வேற கரகரன்னு அறுக்குது. இன்னும் ரெண்டு குழி. அதோட நான் போயிடுவேன்."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "முகூர்த்த நேரத்துல செயின்கிட்ட குசலம் விசாரிக்கிறியா? இன்னொரு முறுக்கு முறுக்கினா வாயை மூடிக்கும். ஸ்பேனரைக் குடு."

வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரைச் செங்கமலமே எடுத்துக்கொண்டாள். "தாலி என் இடுப்புல இருக்குங்க. நடுவழியில இது அறுந்தா, நடந்து போய்ச் சேர மத்தியானம் ஆயிடும். அங்க என் தம்பி மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கான்" என்றாள்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினாள். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும்படி பார்த்துச் சக்கரத்தை முன்னால் தள்ளினாள். செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் தொட்டுத் தூக்கினாள். இரண்டு விரல் அளவுக்கு எழும்பி இறங்கியது. நட்டை மறுபடி இறுக்கினாள். பிறகு கணவர் தோளில் கிடந்த பட்டுக்கரைத் துண்டை உருவி, சந்தனத்தையும் புழுதியையும் துடைத்தாள். அவர் வாய் திறப்பதற்குள், சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே, விளக்கெண்ணெயைச் செயினின் உட்புறமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குடுவையில் பாதி தீர்ந்தது.

அந்த வழியாக ஏறிவந்த பஸ் ஒன்று தொய்ந்த செயினைப் பார்த்துச் சிரித்தது. "அவுந்த வேட்டியோட மலையேறப் போறீங்களாக்கும்?"

"நீ முன்னால போ, வர்றோம்" என்றாள் செங்கமலம்.

வண்டி கிளம்பியது. கீச்சுச் சத்தமே இல்லை. குழியில் விழுந்தபோது செயின் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டது, மேடேறியபோது திருப்பிக் கொடுத்தது. ஏழாம் வளைவில் பஸ்ஸை முந்தினார்கள். பஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டது. பத்தாம் வளைவு வந்தபோது தணிகாசலமே, கோபத்தையும் துண்டையும் மறந்துவிட்டு, "விடு, விடு, இன்னும் விடு" என்று உற்சாகப்படுத்த ஆரம்பித்துவிட்டார். செங்கமலத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சந்தோஷமாக அவள் என்றைக்குமே வண்டி ஓட்டியதில்லை.

கோயிலை எட்டியபோது முகூர்த்தத்தில் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. கெட்டிமேளம் முழங்கியது. தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். எண்ணெயும் கறுப்புமாக இருந்த விரல்களோடு செங்கமலம் மூன்றாவதைப் போட்டாள். மஞ்சள் கயிற்றில் கறை ஒட்டிக்கொண்டது. அவள் பதறிப்போய்த் துடைக்கப் போனாள்.

மணப்பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் அண்ணி. இதுனாலதானே வந்து சேந்தீங்க."

வாசலில் நின்ற வண்டிகள் இதையெல்லாம் பார்த்தன. வெட்கத்தில் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டுவிட்டன. அந்த முகூர்த்த நாள் தொட்டுத்தான், வீட்டு வாசலில் செயினைப் பார்க்க உட்காருகிற எவரும் முதலில் எஞ்சினை அணைக்கிறார்கள், உட்புறமாக எண்ணெய் விடுகிறார்கள், எவ்வளவு அவசரமானாலும் அதற்கு இரண்டு விரல் இடம் விட்டே நட்டை இறுக்குகிறார்கள்.